அண்ணி தலைகீழாகத் தைத்த லாங்சிர்

வாய்க்கு வாய் என்னோடு மல்லுக்கட்டிய என் செல்ல சரோஜா அண்ணிக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஈப்போ டவுனில், ஏர்கோன் போட்ட பெரிய கடையில், ஒரு துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் மகள் ஷாமினி தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறாளே, அவளுக்கு ஏதாவது வாங்கி வைக்கலாம் என்று போனேன். அங்கே கொக்கியில் வரிசையாகத் தொங்கிய பைகளில் ஒன்றில், நம் வீட்டு ஹால் ஜன்னலில் திரையாகத் தொங்குகிற லாங்சிர் துணி! அதே நீலம், அதே மஞ்சள் சுழி. ஆனால் தலைகீழாக இருந்தது. கீழே ஓட வேண்டிய சுழியெல்லாம் மேலே ஏறிப்போய், மேலேயிருந்து தொங்க வேண்டிய கறுப்பு, கீழேயிருந்து எழும்பி நின்றது.

“தங்கச்சி, இந்தப் பைய தலகீழா அடிச்சிட்டானுங்க. ரிஜெக்ட் சாமான்தானே, பாதி வெலைக்குக் குடுலா.”

“இல்ல ஆண்டி, சரியாத்தான் இருக்கு.”

“என்னா சரி? இதே படம் எங்க அண்ணன் வீட்டு ஜன்னல்ல தொங்குது. தெனம் பாக்குறவளுக்குத் தெரியாதா? இது ஆறு. தண்ணி எங்கியாச்சும் மேல ஓடுமா?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். “இது உலகத்துக்கே தெரிஞ்ச பெயிண்டிங் ஆண்டி. ராத்திரி வானம். இந்த வட்டமெல்லாம் நட்சத்திரம், இது நிலா. இந்தக் கறுப்பு, மரம். கீழ பாருங்க, வீடு. ஜன்னல்ல வெளக்கு எரியுது.”

காசு கட்ட நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வரைந்தவர் ஒரு வெள்ளைக்காரராம், எப்போதோ செத்துப்போய்விட்டாராம். இல்லையென்றால் நேராக அவரிடமே போய் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். வெட்கத்தில் பேரம் பேச வாய் வராமல், முழு விலை கொடுத்து அந்தப் பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆக, விஷயம் இதுதான் அண்ணி. லாங்சிரை நீங்கள் தலைகீழாகத் தைத்துவிட்டீர்கள். இத்தனை வருடமும் நாம் ஒரு வானத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜெலாப்பாங் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், அந்தத் துண்டுத் துணியை நீங்கள் வாங்கியபோது நானும் கூட நின்றேன். பூப்போட்டது எடுங்கள் என்றேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்து, கம்பி நுழைக்கிற மடிப்பை வீடுகள் இருந்த பக்கமே பிடித்துத் தைத்தீர்கள். கூரையெல்லாம் சுருக்கத்துக்குள் போய்விட்டது, ஜன்னல் விளக்குகள் வெறும் மஞ்சள் புள்ளியாக நின்றன. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் போனவள், நீங்கள் அதுவும் இல்லை. இந்தப் படத்தைப் பற்றி நமக்கு யார் சொன்னது?

“ஆறு, தனம்,” என்றீர்கள் மாட்டிய அன்றே. “மழ பேஞ்சி சுழிச்சிக்கிட்டு ஓடுது பாரு. இந்தக் கறுப்பு, ஒருத்தி கரையில குனிஞ்சி தல அலசுறா.”

பாகான் செராயில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவருக்கு எதைப் பார்த்தாலும் தண்ணீர்தான். நான் விடுவேனா?

“ஆறும் இல்ல, சேறும் இல்ல. மாமாக் கடையில ரொட்டி சானாய்க்கு மாவ சுத்தி சுத்தி வெச்சிருப்பான் பாருங்க, அதுதான் இது.”

அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “கொசுவத்தி,” என்பார். ஒரே வார்த்தை. மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்போம். குழாய் சரிசெய்ய வந்த மலாய்க்காரர் புயல் என்றார். அவருக்கு மட்டும் நீங்கள் இன்னொரு கோப்பை தே ஓ தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தீர்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டாராம்.

அப்புறம் உங்கள் கிட்னி போனது. மாடி ஏற முடியவில்லை என்று ஹாலில் மெத்தை போட்டோம். காற்று வரட்டும் என்று தலைமாட்டை ஜன்னல் பக்கம் வைத்தது நான்தான். நீங்கள் மல்லாந்து படுத்து, மோவாயைத் தூக்கி, தலைக்குப் பின்னால் தொங்கிய லாங்சிரையே பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள்.

ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டீர்கள்.

“தனம், இங்க வாயேன். இது ஆறு இல்ல.”

“அப்பாடி, இப்பவாச்சும் ஒத்துக்கிட்டீங்களா? ரொட்டி சானாய்தானே?”

“இல்லடி. வானம். நட்சத்திரம் இருக்கு. எம் பக்கத்துல வந்து படுத்துப் பாரு, தெரியும்.”

“ஆமா, ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு வானத்தப் பாப்போம். ஒங்க புருசனுக்கு மீன யாரு பொரிக்கிறது, அந்த நட்சத்திரமா? மருந்து தலைக்கு ஏறிடுச்சி ஒங்களுக்கு.”

சிரித்தீர்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பீர்கள், அதுதான் என் கெட்ட காலம். அதற்கப்புறம் இன்னொரு நாளும் கூப்பிட்டீர்கள். அதற்கும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகம் இல்லை. பிறகு நீங்கள் கூப்பிடவில்லை.

அடுப்படிக்கும் மெத்தைக்கும் எவ்வளவு தூரம் அண்ணி? மீன் கருகியிருந்தால்தான் என்ன?

மருந்து மயக்கத்தில் சொன்னீர்கள் என்றே நினைத்து, நீங்கள் போனபிறகு நானும் அதை ஆறு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பை கையில் வரும்வரை. லாங்சிர் தலைகீழாகத் தொங்கியது. அந்தப் பக்கம் தலைவைத்து அண்ணாந்து பார்த்ததால் உங்கள் ஒருத்திக்குத்தான் அது நேராகத் தெரிந்திருக்கிறது.

நான் இன்னும் அடுத்த தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறேன், தினமும் வந்து அண்ணனுக்குச் சமைத்து வைக்கிறேன். பையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிரிச்சித் திருப்பித் தெச்சிரு,” என்றார்.

“எதுக்குண்ணே? இருந்துட்டுப் போவுது.”

“தீபாவளிக்கு நாலு பேரு வருவாங்க. இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. படிக்காத பொம்பள தலகீழா தெச்சி மாட்டிட்டான்னு அவளச் சொல்லிச் சிரிக்கணுமா? அவ போயாச்சி. எழுந்து வந்து பதில் சொல்லுவாளா?”

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சரி என்று கத்தரியை எடுத்தேன். ஆனால் உங்கள் தையல், அண்ணி. மிஷினில் போட்டதை நம்பாமல், அதற்கு மேலே கையாலும் ஒரு ஓட்டு ஓட்டியிருக்கிறீர்கள். நீல நூல் தீர்ந்துபோய் பாதியிலிருந்து சிவப்பு. உங்கள் துணிமணியெல்லாம் கொடுத்தாயிற்று. உங்கள் கை போட்டபடியே இந்த வீட்டில் மிச்சம் இருப்பது இந்தத் தையல் ஒன்றுதான். பிரித்தால் படம் சரியாகிவிடும். இது போய்விடும்.

நாளைக் கடத்தினேன். கத்தரி மொட்டை என்றேன். கண்ணாடியைக் காணோம் என்றேன், அது என் தலைமேலேயே இருந்தது. அண்ணன் தினமும் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவர் கடைக்குப் போயிருந்தார். மெத்தை கிடந்த அதே இடத்தில் பாயைப் போட்டு, கத்தரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மல்லாந்து படுத்தேன். நீங்கள் தூக்குகிற மாதிரியே மோவாயைத் தூக்கினேன்.

வெளியே நல்ல வெயில். துணிக்குப் பின்னாலிருந்து அடித்ததில் மஞ்சளெல்லாம் எரிந்தது. பட்டப்பகலில் அவ்வளவு பெரிய ராத்திரி! கறுப்பு மரம், நம் பழைய தோட்டத்தில் ரப்பர் காயவைக்கிற புகைவீட்டிலிருந்து புகை கிளம்புமே, அப்படி ஏறிப் போகிறது. கீழே சுருக்கத்துக்குள் அந்த வீட்டு ஜன்னல்கள். வானம் இந்தக் கூத்து அடிக்கிறது, ஒரு வீட்டிலிருந்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டு அடுப்படியில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன் அண்ணி.

படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்த இடத்தில், அதே மாதிரி ஒருத்தி கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

“தனம்! என்னாச்சி?”

“ஒண்ணும் ஆகலண்ணே. இப்படி வந்து படுங்க.”

“பைத்தியமா ஒனக்கு?”

“பைத்தியம்தான். படுங்க. அண்ணி படுத்துப் பாக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க, நான் போகல. நீங்களாச்சும் வாங்க.”

சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, ஒரு வழியாகப் படுத்தார். மோவாயைத் தூக்கச் சொன்னேன்.

“இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தாளா?”

“இதத்தான்.”

“நான் பக்கத்துல வந்து ஒக்காரும்போதெல்லாம் இப்படித்தான் தலயத் தூக்கி அந்தப் பக்கம் பாத்துக்குவா. எம் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன். என்னா கோவமோ. கேக்கவும் பயம்.”

இதை அவர் இத்தனை நாளும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அண்ணி. அன்றைக்கே நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்திருந்தால், சாயந்திரமே அவரிடம் சொல்லியிருப்பேன். என் வாயில்தான் எதுவும் நிற்காதே. அவர் உங்கள் பக்கத்தில் பயந்து பயந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவரையும் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? இல்லை, என்னைக் கூப்பிட்டுப் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டீர்களா?

கொஞ்ச நேரம் கழித்து, “கத்தரிய எடுத்து உள்ள வை,” என்றார்.

ஆகவே லாங்சிர் அப்படியே தொங்கும். தீபாவளிக்கு வருகிறவர்கள் சிரித்தால், பாயைப் போட்டுப் படுக்கச் சொல்லப்போகிறேன், பட்டுச்சேலை கசங்கினாலும் சரி. இன்னொன்றும் சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணி. இனிமேல் யாராவது “இங்க வந்து பாரேன்” என்று கூப்பிட்டால், முதலில் போய்ப் பார்ப்பேன். கிண்டல் அதற்கப்புறம். கிண்டலையே விட்டுவிடுகிறேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் படுத்திருந்த நேரத்தில், ஷாமினி தன் அப்பாவுக்கு ஆர்டர் செய்திருந்த ப்ரஷர் பார்க்கிற மிஷின் பார்சலில் வந்திருக்கிறது. பார்சல்காரர் கேட்டில் நின்று கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. பார்சலை உள்ளே வைத்து, வைத்ததற்கு அத்தாட்சியாக ஒரு போட்டோ எடுத்து ஷாமினிக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டார். கதவு திறந்திருந்தது. போட்டோவில் பார்சல் சரியாக விழவில்லை. பின்னால் ஹாலில் நீட்டிக் கிடந்த எங்கள் நாலு பாதமும் நன்றாக விழுந்திருந்தன. நாங்கள் எழுந்து போனை எடுப்பதற்குள் அவள் பஸ் டிக்கெட் வாங்கிவிட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதாம். மறுநாள் காலையில் வந்து நின்றாள். மிஷின் நன்றாக வேலை செய்கிறது. முதலில் அவளுக்குத்தான் பார்த்தோம். கூடுதலாகக் காட்டியது.

என்றைக்கும் உங்கள் நாத்தனாராகவே இருக்கிற,
தனம்,
ஜெலாப்பாங்.