சாயம் என்று எழுதப்பட்ட ரத்தக்கட்டு

அனுப்புநர்:
அஜீஸுன்னிசா,
க/பெ. ஜியாவுதீன்,
ஆம்பூர்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: என் மகள் சஹரின் உடம்பில் இருந்த ரத்தக்கட்டைச் சாயக்கறை என்று தனியார் மருத்துவர் ஒதுக்கியது – விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் சஹர் (வயது 23) தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவில் வேலை பார்த்தாள். நீலக் கையோடு வீடு திரும்புவது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை.

2. கடந்த ஜூன் 3ஆம் தேதி அவளை எங்கள் பகுதி கிளினிக்குக் கூட்டிப் போனேன். ஒரு வாரமாகக் காய்ச்சல், பல் துலக்கினால் ரத்தம், கைகளிலும் தொடையிலும் நீலத் திட்டுகள். மருத்துவர் எங்கே வேலை என்று மட்டும் கேட்டார். பதில் வந்ததும் பேனா ஓடிவிட்டது. "சாயம்தாம்மா. நல்லா சோப்பு போட்டுத் தேய்ச்சா போய்டும்" என்றார். "துணி மூடுன தொடையில சாயம் எப்படி சார் ஏறும்?" என்று கேட்டேன். சிரித்தார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவருக்குக் கண்டதெல்லாம் சாயம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதவில்லை. 'சாயக்கறை' என்று அவர் எழுதிய சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

3. படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒன்பது நாள் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். "அம்மீ, மெதுவா" என்பாளே தவிர, கையை இழுத்துக்கொண்டதில்லை. திட்டுகள் கூடின. வேலைக்கே போகாமல் படுத்திருப்பவளுக்குப் புதுச் சாயம் எங்கிருந்து வரும் என்பது பத்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

4. அன்றே வேலூரில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஜூன் 15 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டாள். முதல் நாளே ரத்தம் பார்த்திருந்தால் சிகிச்சைக்கு நேரம் கிடைத்திருக்கும் என்று அங்குள்ள மருத்துவர் சொன்னார்.

5. அவள் பிரிவில் இன்னும் நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் அதே கிளினிக்குத்தான் போகிறார்கள். ஆகவே அந்த மருத்துவரை விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்கவும், சாயக் கையோடு யார் வந்தாலும் உடம்பைப் பார்த்த பிறகே மருந்து எழுத உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

6. இதை மனுவில் கேட்கலாமா என்று தெரியவில்லை. நான் தேய்த்த தேய்ப்பில்தான் என் பிள்ளை சீக்கிரம் போனாளா? இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆறுதலுக்கு அப்படித்தான் சொல்வார்கள். தங்கள் அலுவலகம் விசாரித்து, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: ஆம்பூர்
நாள்: 21.07.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
அஜீஸுன்னிசா