படியில் சிக்கிய சீர் பீரோ

ஆனி கடைசி வெள்ளி, இரவு.

ரிட்டயரான மாமனார் கிணத்துக்கடவு வீட்டை விற்றுவிட்டு இன்று சின்ன ஃபிளாட்டுக்குக் குடி வந்தார். ஆடி பிறந்தால் குடி வரக்கூடாதே என்ற அவசரம். வாசக்கதவை அளந்தவர் மாடிப்படித் திருப்பத்தை அளக்கவில்லை. அத்தைக்குக் கல்யாணச் சீராக வந்த பீரோ அங்கே சிக்கிக்கொண்டது.

“உங்கப்பன் குடுத்ததாச்சே, அவராட்டமே வளையாது,” என்றார் மாமா.

“எங்கப்பன எதுக்குங்க இழுக்கறீங்க? அளந்தது நீங்கதானுங்க,” என்றார் அத்தை.

சாமான் தூக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மாமா கடப்பாரையை எடுத்தார். முதல் அடியிலேயே பீரோக் கண்ணாடி தெறித்தது. அத்தை கையைப் பிடித்தும் நிறுத்தவில்லை. கதவு பிய்ந்து விழும்வரை அடித்தார். என் இடுப்பில் இருந்த பாப்பாவின் கன்னத்தைச் சில்லு கீறி ரத்தம் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கள் முதல் பாப்பாவை அவர்களிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அத்தை சில்லுகளைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: “திங்கக்கெழம நேரமே கொண்டாந்து உடு அம்மணி. பீரோதான் போச்சே, புள்ள வெளையாட எடங் கெடக்குது.”

“சரிங்கத்தை” என்றேன். பாப்பாவை அங்கே விடமாட்டேன்.

ஆனால் அத்தையை அங்கேதான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.