ஜப்பாரோடு எடுத்த படம்

1946 மே 12, ஞாயிறு

பூந்தமல்லி வெயில் தாங்கவில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விடுமுறை. பகல் முழுவதும் ஜப்பாரின் ஸ்டூடியோவில் கிடந்தேன். ஒன்றாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்த நாள் முதல், முப்பத்தைந்து வருஷமாக எனக்குப் போக்கிடம் அவன்தான்.

இன்று அவனுக்குப் புதுக் கிறுக்கு. "கல்யாணம் ஆனா போட்டோ, செத்தா போட்டோ. சிநேகிதத்துக்கு எப்ப மச்சான் போட்டோ?" என்கிறான். சிநேகிதர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் படம் எடுத்து, வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டப்போகிறானாம். காசு வேண்டாமாம். பிழைக்கத் தெரியாதவன்.

ஜூன் 9

நான்கு படங்கள் மாட்டியாயிற்று. எனக்குப் பிடித்தது பூக்காரிகள் நாகம்மாளும் சைனம்புவும். ஒருத்தி ஜுரத்தில் கிடந்தபோது அவள் பிள்ளைக்கு மற்றவள் பால் கொடுத்திருக்கிறாள். காமிராவைப் பார் என்றால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிக்கிறார்கள். அதையே எடுத்துவிட்டான்.

ஐந்தாவது, நாங்கள். புருஷன் பெண்டாட்டியை உட்காரவைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தோம். படம் பிடிக்கக் காமிராவின் ரப்பர் பந்தை அமுக்கியது அவன் மனைவி ஜுபைதா. எப்போது என் கையைப் பிடித்தான் என்று தெரியவில்லை, படத்தில் பிடித்திருக்கிறான். என் முகம் இவ்வளவு நிம்மதியாக இருந்து நானே பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 22

என் மகள் வடிவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜானகிராமன் கோவில்பதாகையிலிருந்து வந்தார். கடைத்தெருவில் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"இன்னா வாத்தியாரே, சாயபு கூட கையைக் கோத்துகினு கீறீங்க? கல்கத்தாவுல நடக்கிற கலவரத்தை பேப்பர்ல படிக்கிறீங்க இல்ல? எங்க ஊட்டுப் பெரியவங்க கண்ணுல படறதுக்குள்ள எடுத்துடுங்க."

வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். என் மனைவி ராஜம்மா அழுதாள். "பெத்த பொண்ணு முக்கியமா, போட்டோ முக்கியமா?"



ஆகஸ்ட் 23

ஜப்பாரிடம் போனேன். அவனுக்கு நோன்பு, உதடு காய்ந்திருந்தது. "மழை வருது, நம்ம படம் நனைஞ்சிடும். உள்ள எடுத்து வச்சிடேன்" என்றேன். கண்ணாடிக்குள் இருக்கும் படம் எப்படி நனையும்?

சற்று நேரம் என்னையே பார்த்தான். "மாப்ளை ஊட்ல சொன்னாங்களா?"

தலையாட்டினேன்.

"மெய்யைச் சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன். எனக்கும் வடிவு பொண்ணுதான். மழைன்னு எங்கிட்டயே பொய் சொன்னியே, அதான்."

எங்கள் படத்தை மட்டுமல்ல, ஐந்தையும் எடுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 31

நோன்புப் பெருநாள் வந்து போயிற்று. அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அங்கிருந்து யாரும் கேட்டு வரவில்லை.

செப்டம்பர் 12

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஜப்பார் படம் எடுக்க வந்தான். கூப்பிட்டது நானில்லை, வடிவு. "பொண்ணோட அப்பா கொஞ்சம் கிட்ட வாங்க" என்றான். என்னைத்தான். சாப்பிடச் சொன்னேன். வண்டி நிற்கிறது என்று கிளம்பிவிட்டான்.

"நல்ல மனுசன் சாயபு, வேலை சுத்தம்" என்கிறார் ஜானகிராமன், வாய் நிறைய வெற்றிலையோடு.

என்னை நானே திட்டிக்கொண்டேன்: அடப்பாவி தசரதா, இந்த ஆளுக்கா பயந்தே? அன்னிக்கி வாயில இன்னாடா வச்சிருந்தே, கொழுக்கட்டையா?

அக்டோபர் 6

ஜப்பாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றான். அவ்வளவுதான்.

அந்தப் படம் பிடித்த கண்ணாடித் தகடு இருந்தால் ஒரு பிரதி போட்டுக் கொடு, என் வீட்டுக் கூடத்தில் மாட்டுகிறேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றேன்.

"அதுல இருந்த படத்தைக் கழுவி அழிச்சிட்டேன். பிரேம் போட வேற கண்ணாடி கிடைக்கல."

அப்படியானால் இன்னொரு படம் எடுத்துக்கொள்வோம் என்றேன். அவன் காமிராவைச் சரி செய்தபடி, "உக்காருங்க" என்றான். பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டேன். பந்தை அமுக்க ஜுபைதா வருவாள் என்று உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "ஒத்த ஆள் படம்தானே, நடுவுல உக்காருங்க வாத்தியாரே."

நகர்ந்து உட்கார்ந்தேன்.