தோற்றால் வராதவன்

ஆகஸ்ட் 9, சனி

கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று என்று சமன். ஸ்டோயன் வெல்செவ் எங்கள் கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். பல்கேரியாவிலிருந்து போன மாதம்தான் வந்தான். பந்தைக் காலடியில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான். எங்கள் கேலரிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பந்து ஒருத்தன் காலில் சற்று நின்றால் போதும், "அடிச்சு விடுடா" என்று எல்லோரும் கத்துவோம்.

இடைவேளையில் கிரேவி ஊற்றிய சிப்ஸைத் தின்றபடி தம்பி ரஸ்ஸல் ஆரம்பித்தான். "அக்கா, உன் மாப்பிள்ளை பந்துகிட்ட என்ன, நலம் விசாரிக்கிறானா?"

அவன் என் 'மாப்பிள்ளை' ஆன கதை ஊருக்கே தெரியும். இந்த கிளப் ரசிகர்களுக்குச் சொந்தம், ஆளுக்கு ஒரு ஓட்டு. கோடையில் கையிலிருந்த பணத்துக்குக் கிழக்கு கேலரிக் கழிப்பறைக்குக் கூரை போடுவதா, நடுக்களத்துக்கு ஓர் ஆளை வாங்குவதா என்று பெரிய சண்டை. நிர்வாகக் குழுவில் ரசிகர்களின் பிரதிநிதி நான். எழுந்து நின்று ஆள்தான் வேண்டும் என்று பேசி ஜெயித்தேன். ஆகவே அவன் சொதப்பினால் நான் சொதப்பியது மாதிரி. மழையில் நனைந்துகொண்டு ஒன்றுக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் நினைப்பார்கள்.

நினைக்கட்டும். ஜனவரியில் எனக்கு மறுபடி தேர்தல். அதற்குள் இவன் ஊரையே வளைத்துப் போட்டுவிடுவான். எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

தோல்வி. விசில் ஊதியதுதான் தாமதம், ஸ்டோயன் யாரையும் பார்க்காமல் உடை மாற்றும் அறைக்கு ஓடிவிட்டான். மற்றவர்கள் கேலரிப் பக்கம் வந்து தலைக்கு மேல் கைதட்டினார்கள். நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே திருப்பித் தட்டினோம். தோற்றாலும் இதைச் செய்தாக வேண்டும். சாப்பிட்டால் கை கழுவுகிற மாதிரி, இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"சம்பளம் வாங்கத் தெரியுது, நம்ம மூஞ்சியப் பாக்கத் தெரியல," என்றான் ரஸ்ஸல்.

புது ஆள். சொன்னால் புரிந்துகொள்வான். பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

வெற்றி. வந்தான், தட்டினான், பல் தெரியச் சிரித்தான். அப்படியானால் வழக்கம் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

தோல்வி. ஓடிவிட்டான்.

அக்டோபர் 18, சனி

மறுபடியும் அதே. இந்த முறை ஓடுகிறவன் முதுகுக்கு ஊளையிட்டார்கள். "ஜெயிச்சா கல்யாண வீட்டுக்காரன், தோத்தா வழிப்போக்கன்," என்று பின்வரிசையில் ஒருவர். பயிற்சியாளர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னாராம். தலையை ஆட்டுகிறானாம், செய்வதில்லையாம்.

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் என் கணிப்பு தப்பவில்லை. போன வருஷம் எங்கள் நடுக்களம் சந்தைக் கடை. இப்போது அவன் பந்தை வாங்கினால் மற்றவர்கள் ஓட ஆரம்பிக்கிறார்கள், வரும் என்று தெரிந்து ஓடுகிறார்கள். இடித்துத் தள்ளினாலும் எழுந்துகொள்ளக் கற்றுவிட்டான். இதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? கைதட்டவில்லை, கைதட்டவில்லை — அதே பல்லவி.

பப்பில் ரஸ்ஸல் எழுந்து நின்று அறிவித்தான். ஜனவரித் தேர்தலில் நிற்கிறானாம். என் இடத்துக்கு. வாக்குறுதி ஒன்றே ஒன்று, கூரை. எனக்கு எதிரா நிக்கிறானாம் — நான் மூக்கு தொடச்சு விட்ட பய! சரி, நில்லு. பாத்துக்கலாம்.

நவம்பர் 15, சனி

நிர்வாகக் குழுவில் பொருளாளர் மெதுவாக ஆரம்பித்தார். "ரசிகர்களுக்குப் பிடிக்காத ஆளை வச்சுக்கிட்டு என்ன பண்றது, பெவர்லி? பல்கேரியாவுல அவன் பழைய கிளப்காரங்க ஜனவரியில திருப்பி வாங்கிக்கத் தயாரா இருக்காங்க. அந்தக் காசுல கூரையும் போட்டுடலாம்."

"ஜனவரி வரும்போது பேசுங்க," என்றேன். அவனைத் திருப்பி அனுப்பினால் எங்களுக்கு மறுபடி சந்தைக் கடைதான்.

நவம்பர் 29, சனி

கடலோர ஊரில் வெளியூர் ஆட்டம். பனியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. நான்கு கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை.

விசிலுக்குப் பிறகு மற்றவர்கள் பேருக்குத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஸ்டோயன் ஓடவில்லை. நடுக்களத்திலிருந்து எங்களைப் பார்த்துத் தனியாக நடந்து வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. விளம்பரப் பலகைக்கு முன்னால் நின்றான். சட்டையைக் கழற்றினான், மடித்தான், பலகை மேல் வைத்தான். அந்தக் குளிரில் வெற்று உடம்போடு தலை குனிந்து நின்றான்.

பிறகு யாரோ, "சட்டையையே குடுத்துட்டான்டா," என்றார்கள். ஆட்டக்காரன் தன் சட்டையைக் கழற்றி ரசிகனுக்குக் கொடுப்பதைவிடப் பெரிய பரிசு எங்களுக்குக் கிடையாது; கேலரி பொங்கிவிட்டது. ரஸ்ஸல் தொப்பையோடு பலகையில் கவிழ்ந்து சட்டையை எடுத்துக்கொண்டான். தோற்றதை மறந்து எல்லோரும் ஸ்டோயன் பெயரைச் சொல்லிப் பாடினோம். அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். பைத்தியங்களைப் பார்க்கிற பார்வை. திரும்பி நடந்துவிட்டான்.

பஸ்ஸில் ரஸ்ஸல் ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடவில்லை. "சின்ன வயசிலேருந்து வரேன் அக்கா. எனக்குன்னு ஒருத்தனும் குடுத்ததில்ல," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் சொன்னேனா இல்லையா!

நவம்பர் 30, ஞாயிறு

நன்றி சொல்லலாம் என்று ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோயன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டெசிஸ்லாவா கதவைத் திறந்தாள். அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை.

"நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடல," என்றாள். "சட்டையை எப்பத் திருப்பித் தருவீங்க, யாருகிட்டப் போய்க் கேக்கணும்னு உங்களைக் கேக்கச் சொல்றார்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் கதை வந்தது. அவன் முன்பு ஆடிய கிளப்பில் தோற்ற ஆட்டக்காரர்களை ரசிகர்கள் வேலிக்குப் பக்கத்தில் கூப்பிடுவார்களாம். தலை குனிந்து நின்று திட்டு வாங்க வேண்டும். கோபம் முற்றினால் சட்டையைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், அதைப் போட உனக்குத் தகுதி இல்லை என்று அர்த்தம். ஒரு முறை அவன் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனைக் கழற்ற வைத்திருக்கிறார்கள். இங்கே பயிற்சியாளர் "ரசிகர்கள்கிட்டப் போ" என்றதெல்லாம் அவன் காதில் "போய் வாங்கிக் கட்டிக்கொள்" என்றுதான் விழுந்திருக்கிறது.

"நேத்து நாலு கோல்," என்றான் ஸ்டோயன். "இனிமே ஒளியறது அசிங்கம். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே வச்சுட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டான். "ஆனா சட்டையை எடுத்துக்கிட்டு எதுக்குப் பாடினீங்க? எங்க ஊர்லகூட அவ்வளவு கொடுமை பண்ண மாட்டாங்க."

கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தேழு வயதில், அடுத்தவர் வீட்டு சோபாவில். மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விளக்கினேன். நம்பினானா, தெரியவில்லை. கேக் மட்டும் ஒரு துண்டு தின்றான்.

டிசம்பர் 1, திங்கள்

ரஸ்ஸல் வீட்டில் டிவிக்கு மேலே சட்டை தொங்குகிறது. விஷயத்தைச் சொன்னேன். டிவியை அணைத்தான்.

"அப்ப நான் புடுங்கினவனா?"

"உனக்குத் தெரியாதுடா."

"அவனுக்கும் தெரியாதே," என்றான்.

டிசம்பர் 2, செவ்வாய்

ரஸ்ஸலே சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஸ்டோயன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே இரண்டு கையாலும் நீட்டினான்.

"இது உன்னுதுப்பா. எண் எட்டு உன்னுதுதான். இந்த ஊர்ல யாரும் யார் சட்டையையும் புடுங்க மாட்டோம். திட்டுவோம், அது வேற. நல்லாவே திட்டுவோம். நீ நின்னு கைதட்டிட்டுப் போயிக்கிட்டே இரு."

ரஸ்ஸல் படபடவென்று பேசியதால் டெசிஸ்லாவா அதைப் பல்கேரிய மொழியில் மறுபடி சொன்னாள். ஸ்டோயன் சட்டையை வாங்கி, போட்டிருந்த ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிக்கொண்டான். ரஸ்ஸல் படியிறங்கும்போது மூக்கைச் சிந்தினான். சளி என்றான்.

டிசம்பர் 20, சனி

வெற்றி. ஸ்டோயன் ஒரு கோல். "அடிச்சு விடுடா" சத்தம் பாதியாகிவிட்டது. ரஸ்ஸல் இப்போதெல்லாம் முன்வரிசைக்காரனை அதட்டுகிறான்: "சும்மா இருய்யா, அவன் பாத்துக் குடுப்பான்."

ஜனவரி 14, புதன்

தேர்தல் முடிந்தது. ரஸ்ஸல் ஜெயித்தான், நல்ல வித்தியாசத்தில். ஸ்டோயனை ஊருக்குப் பிடித்துவிட்டது, கூரை அதைவிடப் பிடித்திருக்கிறது. நனைந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

வருத்தமா? இருக்கு. இல்லேன்னு யாருகிட்ட சொல்றது? எத்தனை வருஷம் நாயா உழைச்சேன்! — போகட்டும். ஆள் விஷயத்தில் நான் சொன்னதுதான் நடந்தது. அதை யாரும் ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்க முடியாது.

ஜனவரி 28, புதன்

ரஸ்ஸலின் முதல் நிர்வாகக் குழுக் கூட்டம். பொருளாளர் விடவில்லை. பல்கேரியாக்காரர்கள் விலையை ஏற்றிக் கேட்கிறார்களாம், விற்றால் நாளைக்கே கூரை வேலையை ஆரம்பிக்கலாமாம். ரஸ்ஸல் போனில் சொன்னான்.

"விக்க வேணாம்னு நான்தான் முதல்ல கை தூக்கினேன்."

"அப்ப கூரை?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். குடை வச்சிருக்காங்கல்ல."

"அந்தக் கூரையைச் சொல்லித்தானேடா ஜெயிச்சே?"

"ஆமா," என்றான். "சனிக்கிழமை என்னை என்ன கிழி கிழிக்கப் போறாங்களோ."

பிப்ரவரி 7, சனி

சொந்த மைதானத்தில் தோல்வி, ஒரே கோல். தப்பு முழுக்க ஸ்டோயனுடையது. வழக்கம்போல நிறுத்தி, பார்த்து, எதிரணிக்காரன் காலிலேயே கொடுத்தான்.

விசில் ஊதியதும் முதலில் எங்கள் பக்கம் வந்தவன் அவன்தான். கேப்டன்கூடப் பிறகுதான் வந்தார். ரஸ்ஸல் பலகை வரை இறங்கிப்போய்க் கத்தினான். "கண்ணு பொடனியிலயா இருக்கு? எதுக்கு அங்க குடுத்தே?"

ஸ்டோயன் கைதட்டுவதை நிறுத்தவில்லை. "நீ 'குடு குடு'ன்னு கத்தினே, நான் குடுத்தேன்," என்று திருப்பிக் கத்தினான். வரிசையே சிரித்தது. ரஸ்ஸல் விடவில்லை, அவனும் விடவில்லை. மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். டெசிஸ்லாவா கீழ்ப்படியில் நின்று வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு முறை கையசைத்தாள். அவர்கள் இன்னும் அந்தப் பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.