தண்ணீர் கேனும் நானும்

என்னங்க,

கோபித்துக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால், நான் ஏரிக்குப் போகாமல் முடங்கிக் கிடப்பேன் என்று நினைத்தீர்களாக்கும். ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போய்வந்தேன்.

இத்தனை வருஷமும் நீங்களும் பிள்ளைகளும் மிதிபடகில் சுற்றுவீர்கள். நான் கரையில் பைகளுக்கும் செருப்புக்கும் காவல். "நீச்சல் தெரியாதவளுக்குப் படகு எதுக்கு?" என்பீர்கள். உங்களுக்கு மட்டும் தெரியுமோ?

"ஒரே ஆளா உக்காந்தா படகு சாயும்மா" என்றார் படகுக்காரர். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் நிறைந்த தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கி வைத்தார். உங்கள் இடத்தில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை அதட்டவில்லை. படகு நேராகப் போனது.

அடுத்த ஞாயிறும் போவேன். வருவதானால் வாருங்கள். கரையில் செருப்பைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் காவல்காரி