வேறு சாட்சி இல்லை

ஓசூர்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி லட்சுமி எழுதுவது. நலமா? உங்கள் ஊரில் டவர் கிடைக்காததும் நல்லதுதான். போனில் உங்கள் குரல் கேட்டால் எனக்குப் பேச்சே வராது. நான் புகார் கொடுத்த வாரம் ஊருக்குப் போன நீங்கள் இன்னும் திரும்பவில்லை. நான் ஹாஸ்டலில்தான் இருக்கிறேன். இப்போது வேறு கம்பெனி.

25ஆம் தேதி கிருஷ்ணகிரி கோர்ட்டில் என் சாட்சி. பழைய கம்பெனி ஸ்டோர் ரூமில் அந்த சூப்பர்வைசர் என்னை நாசம் செய்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும். கதவை மூடிவிட்டு விசாரிப்பார்களாம். நீங்கள் உள்ளே வர வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும்.

வருவீர்கள்தானே?

உங்கள் லட்சுமி

அஞ்செட்டி
17.2.2025

அன்பு லட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தக்காளித் தோட்டத்தை யானை மிதித்துவிட்டது. களியை நானே கிண்டுகிறேன், கட்டி தட்டுகிறது. வீட்டில் எதைத் தொட்டாலும் உன் ஞாபகம்.

கோர்ட்டுக்கு வர ஆசைதான். ஆனால் பேச்செடுத்தாலே அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார். பெரியப்பா மகன் ஆனந்த், "ஒருத்தருகூடப் பாக்கலயே, எந்தக் கோர்ட்டுடா நம்பும்?" என்கிறான். யாராவது ஒருவர் பார்த்திருந்தால் நானும் தைரியமாகப் பேசுவேன். கோபித்துக்கொள்ளாதே. தீர்ப்பு வரட்டும்.

ஜெகதீஷ்

ஓசூர்
28.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சாட்சி சொல்லிவிட்டேன். வெளியே பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே என் முழுப் பெயரைக் கேட்டார்கள், முனிலட்சுமி என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல், "ஏம்மா கத்தல? உடம்புல ஒரு கீறல்கூட இல்லயே? நாலு நாள் ஏன் சும்மா இருந்த?" என்று அடுக்கினார்.

"பயத்துல கொரலே வரலீங்க. வூட்டுக்காரருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நாலு நாளும் கெடந்தேன்" என்றேன்.

நீதிபதி அம்மாவும் சிலதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். முதலில் வலித்தது. பிறகு, என் பேச்சை மட்டும் வைத்து ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்புவதென்றால் கேட்கத்தானே வேண்டும் என்று தோன்றியது. நான் அழுதபோது காத்திருந்தார். கடைசிவரை கேட்டார்.

நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே மாமா. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லியிருப்பேன்.

உங்கள் லட்சுமி

அஞ்செட்டி
20.6.2025

என் லட்சுமிக்கு,

பேப்பரில் பார்த்தேன். அவனுக்குப் பத்து வருஷம்! அந்தப் பெண்ணின் சாட்சியம் முழுக்க நம்பும்படி இருக்கிறது, அதற்கு வேறு சாட்சி தேவையில்லை, காயம் இல்லை என்பதாலோ நாலு நாள் தாமதத்தாலோ அது பொய்யாகிவிடாது என்று தீர்ப்பில் இருக்கிறதாம். பெயர் போடவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியாதா?

ஆனந்திடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுப் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டான். அம்மாவே, "போயி கூட்டிக்கினு வாடா" என்கிறார். இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். துணிமணி எடுத்து வை.

உன் ஜெகதீஷ்

ஓசூர்
24.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். வர எனக்கு ஆசை இல்லாமலா? கம்பெனி பஸ்ஸில் யாராவது உங்களைப் போல் இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆனால் மாமா, அந்த நீதிபதிக்கு என்னைத் தெரியாது. என் சொல்லை அவர் எடைபோட்டுத்தான் நம்ப முடியும். அது அவர் வேலை. நீங்கள் ஆறு வருஷம் என்னோடு வாழ்ந்தவர். உங்களுக்கும் தீர்ப்பு தேவைப்பட்டதே.

அவன் மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போகிறானாம். அங்கே வேறு மாதிரி சொல்லிவிட்டால், உங்கள் வீட்டில் நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

முனிலட்சுமி