என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்ன ரூபி அக்காவுக்கு

அன்பும் சண்டையும் ஒன்றாகக் கொடுத்த ரூபி அக்கா,

நீங்கள் இல்லாமல் வந்த முதல் எலெக்‌ஷன் முடிந்துவிட்டது. விரலில் மை இன்னும் போகவில்லை. கேம்ப் ரோடு முழுக்கத் தோரணமும் சுவரெல்லாம் சின்னமுமாகக் கிடக்கிறது. உங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் நான் வேகமாக நடந்துவிடுகிறேன். தையல் மெஷின் சத்தம் வராத அந்த வீட்டைப் பார்க்க இன்னும் பழகவில்லை எனக்கு.

அந்த அறுபத்தேழாம் வருஷத்து எலெக்‌ஷன் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. சேலையூரில் அது எல்லோருக்கும் தெரியும். அரிசிக்குக் கால்கடுக்க நின்ற காலம். உங்கள் வீட்டில் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்களெல்லாம் அரசியலும் பேசிவிட்டுத்தான் போனார்கள். அந்தத் தடவை வெற்றி தோல்வி நூலிழையில்தான் என்று இரண்டு கட்சிக்காரர்களும் சொன்னார்கள்.

நீங்கள் ஓட்டுக் கேட்பதே அளவு எடுக்கும்போதுதான். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவள் எங்கே ஓடுவாள்! அப்படித்தான் மலையடிக் குடிசையிலிருந்து வந்த கன்னியம்மாவிடம் கேட்டீர்கள். கல்லுடைக்கிற வேலை அவளுக்கு.

"எலெக்‌ஷனுக்கு வருவே இல்ல கன்னியம்மா?"

"போன தபா வந்தேம்மா. உள்ள குந்திகினு இருந்த ஆபீசரு புருஷன் பேரு இன்னான்னு கேட்டாரு. அத்த எப்பிடிம்மா சொல்றது? சும்மா நின்னுகினே இருந்தேன். போம்மான்னு அனுப்சிட்டாரு. பேஜாரா பூட்சு."

நீங்கள் சிரிக்கவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நானும் அப்படித் திரும்பி வந்தவள்தானே. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். உங்களுக்கு என்ன, "ஞானராஜ், காபி ஆறுது" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவீர்கள்.

விசாரிக்க விசாரிக்கத்தான் தெரிந்தது, எத்தனை பேர் இப்படி! ஓட்டுப் போட்டாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர்கள். எட்டாம் நம்பர் வீட்டு மாமியும் அதில் ஒருவர் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் பெரிய ஆபீஸில் ஹெட் கிளார்க்.

"அவங்கவங்க புருஷன் பேரைத்தானே சொல்லக் கூடாது? அடுத்தவ புருஷன் பேரைச் சொல்லலாமே?" என்றீர்கள் ஒரு நாள், வாயில் ஊசியோடு. அவ்வளவுதான் உங்கள் திட்டம். இரண்டு இரண்டு பேராக வரிசையில் நிற்பது, இவள் பெயரைக் கேட்டால் அவள் சொல்வது. அதிலும் ஒரு பிடிவாதம் உங்களுக்கு. ஒரே தெருக்காரர்கள் ஜோடி சேரக் கூடாது. "நம்ம ஆளுங்களோட நம்ம ஆளுங்க போனா, கட்சி கட்டிக்கிட்டு வர்றாங்கன்னு சொல்வாங்க சரோஜா." இன்னொன்றும் சொன்னீர்கள். யாருக்குப் போடுகிறாய் என்று ஒருத்தியிடமும் கேட்கக் கூடாது.

கன்னியம்மாவுக்கு ஜோடி எட்டாம் நம்பர் மாமி. "அவளோடயா? நன்னாயிருக்கு!" என்று மூக்கைச் சுளித்தவர், எலெக்‌ஷன் அன்று முதல் ஆளாக வந்து நின்றார். ஆபீசர் மாமியைக் கேட்டதும் கன்னியம்மா, சார் மோர் ஒன்றும் போடாமல், "கோபாலகிருஷ்ணன்!" என்று கல் உடைக்கிற குரலில் சொன்னாள். ஆண்கள் வரிசையில் நின்ற ஹெட் கிளார்க் பதறிப்போய் "யெஸ் சார்!" என்றார். ஓட்டுச் சாவடியே சிரித்தது. மாமியும் சிரித்துக்கொண்டே, "இவ ஆத்துக்காரர் முனுசாமி" என்றார்.

எனக்கு நீங்கள். கோயிலில் பாட்டுப் பாடுகிற குரலில் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னீர்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

என் கட்சிப் பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, எதிர்க்கட்சி ஓட்டையெல்லாம் நீங்களே ஏன் கூட்டியாறீங்க?" உங்களையும் உங்கள் ஆட்கள் கேட்டிருப்பார்கள். நீங்கள் என்னிடம் சொன்னதில்லை.

உங்கள் ஆள் கொஞ்ச ஓட்டில் தோற்றார். மறுநாள் பிளவுஸ் வாங்க வந்த கன்னியம்மா, நீங்கள் கேட்காமலே சொன்னாள். "ஒங்க ஆளுக்கு நான் போடலம்மா. தப்பா நென்ச்சிக்காத." நீங்கள், "கை சரியா இருக்கான்னு போட்டுப் பாரு" என்றீர்கள். அவள் போன பிறகு மெஷினில் உட்கார்ந்து, துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண்களை வீட்டிலேயே விட்டிருந்தால் உங்கள் ஆள் ஜெயித்திருப்பாரோ? வருத்தப்பட்டீர்களா அக்கா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

இந்தத் தடவை நான் தனியாகத்தான் வீடு வீடாகப் போனேன். பெருங்களத்தூர் பக்கம்கூடப் போய் நாலு பெண்களைச் சேர்த்தேன். என் கட்சி தோற்றது. நான் கூட்டிப்போனவர்களில் பாதிப் பேர் என் கட்சிக்குப் போடவில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு உங்களுக்கும் எரிந்திருக்கும். எரிச்சலோடேதான் அடுத்த எலெக்‌ஷனுக்கும் வந்து, "கிளம்பு சரோஜா, வரிசை நீண்டுடும்" என்று என் கையைப் பிடித்தீர்கள்.

இந்தத் தடவை ஓட்டுப் போட்ட அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஜோடி சேர்த்த நான் எனக்குச் சேர்க்கவில்லை. மறந்தேனா, மனசு வரவில்லையா, தெரியாது. ஆபீசர் சின்ன வயசுக்காரர். "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றார். நான் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

பின்னால் நின்ற கன்னியம்மா, "நான் சொல்லட்டாம்மா?" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். உங்கள் இடத்தில் இன்னொருத்தி குரலைக் கேட்க என்னால் முடியாது அக்கா.

"சபாபதி" என்றேன்.

"கேக்கலம்மா."

"சபாபதி!"

ஆண்கள் வரிசையில் இவர் நிமிர்ந்து பார்த்தார். நான் மை வைக்க விரலை நீட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையில் இவர் நின்றார். அப்புறம் மெதுவாக, "இன்னொரு தரம் சொல்லேன்" என்றார்.

"அடுத்த எலெக்‌ஷனுக்குத்தான்" என்றேன்.

ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

கன்னியம்மாவுக்கு மருமகள் வந்திருக்கிறாள். புருஷன் பெயரைக் கேட்டால் முந்தானையைக் கடிக்கிறாள். அடுத்த முறை அவளுக்கு நான்தான் ஜோடி. யாருக்குப் போடப் போகிறாள் என்று கேட்க மாட்டேன். தோற்றால் வயிறு எரியும். எரிந்தாலும் அதற்கடுத்த முறையும் போய் அவள் கதவைத் தட்டுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் எதிர்க்கட்சித் தங்கை,
சரோஜா சபாபதி